மோட்டார் படகிலிருந்து பாய்மரப் படகுக்கு மாறுகிறீர்களா?

முதலில் மாற்ற வேண்டியது பயணக் கணக்கைத்தான். நீர்மட்டத்தில் 20 அடி நீளமுள்ள சின்னப் பாய்மரப் படகு, காற்று எவ்வளவு நன்றாக அடித்தாலும், பெரும்பாலும் மணிக்கு 6 கடல் மைலைத் தாண்டாது. (அடிக்கணக்கில் அந்த நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் இந்த எல்லை கிடைக்கும்.) எதிர்க்காற்றில் நேராகவும் போக முடியாது, இருபுறமும் சுமார் 45 பாகை விலகி, மாறி மாறித் திருப்பித்தான் முன்னேற வேண்டும். தூரம் 40 சதவீதம் கூடிவிடும். எனவே மணிக்கு 4 கடல் மைல் என்றே திட்டமிடுங்கள், எதிர்க்காற்றென்றால் இன்னும் குறைவாக.

பாயைச் சுருக்கலாமா என்ற எண்ணம் வந்த உடனே சுருக்கிவிடுங்கள். காற்று வலுத்த பிறகு அதே வேலை மிகவும் கடினம்.

கரையில் பாய்மரத்தை நிமிர்த்தும் முன் தலைக்கு மேலே மின்கம்பி இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். உலோகப் பாய்மரம் அதில் பட்டால் உயிருக்கே ஆபத்து.