கொங்கூர் எழுதப் போகிறவர்களுக்கு: ஜெயித்த பிறகு அழவைக்கும் தவறுகள்

சனிக்கிழமைகளில் ரீயூனியன் என்ற பிரெஞ்சுத் தீவில், சென் ஆந்த்ரேயில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்துக்கு நாலைந்து பிள்ளைகள் வருவார்கள். புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்கள். 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள். எல்லோருக்கும் ஒரே கனவு, பிரெஞ்சு அரசு வேலை. அதற்கான போட்டித் தேர்வுதான் கொங்கூர். நானும் அதே கொங்கூர் வழியாக வந்து ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்தவன் என்பதால் சொல்லித்தருகிறேன். சம்பளம் கிடையாது, சில வாரம் முறுக்கு வரும். எங்கள் செட்டு முட்டிக்கொண்ட அதே சுவர்களில் இவர்களும் அதே வேகத்தில் போய் முட்டுவதைப் பார்க்கும்போது சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

அடையாள அட்டையை மறப்பது, கடைசி வாரத்தில் புத்தகத்தைத் திறப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அதைச் சொல்ல வீட்டில் அம்மா இருக்கிறார்.

சி பிரிவு என்றால் எளிது என்று நினைப்பது

அரசு வேலைகள் மூன்று பிரிவு. ஏ பிரிவுக்குப் பட்டம் வேண்டும், பி பிரிவுக்கு பக் என்ற பள்ளி இறுதித் தேர்வு போதும், சி பிரிவுக்குப் பெரும்பாலும் எந்தச் சான்றிதழும் தேவையில்லை. இதைப் படித்துவிட்டு "அப்படியானால் சி எழுதுகிறேன் மாமா, கண்ணை மூடிக்கொண்டு பாஸ்" என்கிறார்கள். பாஸ் என்பதே இங்கே கிடையாது. பத்து இடம் இருந்தால் முதல் பத்துப் பேர் உள்ளே, பதினோராவது ஆள் இருபதுக்குப் பதினைந்து வாங்கியிருந்தாலும் வெளியே. வேலை தட்டுப்பாடான இந்தத் தீவில் சி பிரிவுத் தாளைப் பட்டதாரிகள் வந்து எழுதுகிறார்கள். கேள்வி எளிதாக இருக்கும், போட்டி எளிதாக இருக்காது.

இன்னொன்று, பல கொங்கூர்களில் ஏதாவது ஒரு தாளில் 20க்கு 5க்குக் கீழே போனாலே கதை முடிந்தது. மற்ற தாள்களில் எவ்வளவு வாங்கினாலும் கணக்கில் வராது. ஆனாலும் பிள்ளைகள் பிடித்த பாடத்தையே திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். கணக்கு நன்றாக வரும் பையன் ஞாயிற்றுக்கிழமையும் கணக்குதான் போடுகிறான்.

எங்கே அனுப்புவார்கள் என்று பார்க்காமல் எழுதுவது

இதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றும் குரல் உயரும். பக்கத்து வீட்டுக்காரர்கள் மன்னிக்கட்டும்.

அறிவிப்பு வந்ததும் எல்லோரும் பார்ப்பது மூன்று விஷயம்: தேதி, தாள்கள், எத்தனை இடம். வேலை எந்த ஊரில் என்ற வரியை யாரும் படிப்பதில்லை. "முதலில் ஜெயிக்கட்டும், ஊர் அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்கள். அப்புறம் பார்க்க ஒன்றும் மிச்சம் இருக்காது.

உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான கபெஸ் நாடு முழுவதற்கும் ஒரே கொங்கூர். தாளை இங்கே சென் தெனியில் உட்கார்ந்து எழுதலாம், வேலையை அமைச்சகம் எந்த அக்காதெமியில், அதாவது எந்தக் கல்வி வட்டாரத்தில் வேண்டுமானாலும் கொடுக்கும். ஆள் பற்றாக்குறை பாரிஸைச் சுற்றித்தான் என்பதால் கிரெத்தெய், வெர்சாய் என்று எழுதி வரும். ஈரா என்ற நிர்வாகப் பயிற்சி நிறுவனங்கள் ஐந்து, அவை பஸ்தியா, லில், லியோன், மெஸ், நாந்த் நகரங்களில் இருக்கின்றன. ஐந்தில் ஒன்றும் நம் கடலில் இல்லை. இதற்கு நேர்மாறாக, பள்ளி நிர்வாகத்தில் பி பிரிவுச் செயலர் கொங்கூரை அக்காதெமியே நடத்துகிறது. ரீயூனியன் அக்காதெமியில் ஜெயித்தால் வேலை ரீயூனியனில். ஆக, இரண்டு பேர் ஒரே அளவு படித்து, ஒரே அளவு மதிப்பெண் வாங்கி, ஒருவர் இங்குள்ள சென் பியேரிலும் மற்றவர் 9,000 கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் உட்காரலாம்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர் கொங்கூரில் இந்தத் தவறு இன்னும் தந்திரமாக வரும். அதுவும் அக்காதெமி வாரியானதுதான், எந்த அக்காதெமிக்கு எழுதுவது என்பதை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே இடம் குறைவு, போட்டி கடுமை. கிரெத்தெய்யில் இடம் நிறைய, எழுத ஆள் போதவில்லை. 2015 முதல் அங்கே கூடுதலாக இன்னொரு கொங்கூரே நடத்தினார்கள். உடனே நம் பிள்ளைகளுக்கு ஒரு யோசனை வரும். "கிரெத்தெய்யில் எழுதி ஜெயித்துவிட்டு, இரண்டு வருஷத்தில் மாற்றல் வாங்கி வந்துவிடலாம்."

வர முடியாது. இரண்டு வருஷத்தில் நிச்சயமாக இல்லை.

மாற்றல் புள்ளிக் கணக்கில் நடக்கிறது. தீவுக்குத் திரும்பத் துடிக்கும் நம் ஆட்கள் ஒரு பக்கம். தீவைப் பார்த்தேயிராத மெத்ரோபோல் ஆட்கள், அதாவது ஐரோப்பாவிலுள்ள பிரான்ஸின் ஆட்கள், இன்னொரு பக்கம். அவர்கள் ஏன் வரவேண்டும் என்று கேட்காதீர்கள். இங்கே அரசு ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தின் மேல் 35 சதவீதம் கூடுதல், அப்படிக் கூட்டி வந்த தொகையை 1.138ஆல் பெருக்கினால் மொத்தம் 53 சதவீதத்துக்குச் சற்று மேலேயே அதிகம். அதோடு கடலும் இருக்கிறது. இத்தனை பேர் நிற்கும் வரிசையில் புதிதாகச் சேர்ந்த இருபத்தைந்து வயசுப் பிள்ளைக்கு எத்தனை புள்ளி இருக்கும்?

அதற்காகத்தான் கடல்கடந்த பகுதிகளின் ஊழியர்களுக்கு ஒரு முன்னுரிமை வைத்திருக்கிறார்கள். உங்கள் வாழ்க்கையின் பொருள், மன நலன்களின் மையம் இந்தத் தீவுதான் என்று நிரூபித்தால் மாற்றலில் முந்தலாம். தாள்களில் சிம் என்று சுருக்கி எழுதுவார்கள். 2017 பிப்ரவரி 28 சட்டத்துக்குப் பிறகு இது சட்டப்படியான முன்னுரிமை. நிரூபிப்பது என்றால் வாயால் சொல்வது போதாது. பிறந்த ஊர், பெற்றோர் வசிக்கும் இடம், வீடு நிலம், வங்கிக் கணக்கு, வாக்காளர் பட்டியல், வரி கட்டிய இடம், படித்த பள்ளி, முன்பு எத்தனை முறை மாற்றல் கேட்டீர்கள், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

இங்கேதான் நம் குடும்பங்களுக்குத் தனிச் சிக்கல். என்னிடம் படித்த ஒரு பெண் காரைக்காலில் பிறந்தவள். மழலைப் பள்ளி முதல் பக் வரை படித்தது இங்கே. நல்ல படிப்பாளி, ஆசிரியை ஆனாள், பாரிஸை ஒட்டிய பொபினியில் போட்டார்கள். போகும்போது, ஒழுங்கான பிள்ளை அல்லவா, இங்கிருந்த வங்கிக் கணக்கை மூடினாள். வாக்காளர் பதிவை அங்கே மாற்றினாள். அப்பா ஓய்வு பெற்று அம்மாவோடு காரைக்காலுக்கே திரும்பிவிட்டார். "எப்படியும் கிடைக்காது" என்று சில வருஷம் மாற்றலே கேட்கவில்லை. பிறகு கேட்டபோது, பிறந்த ஊர் இது இல்லை, பெற்றோர் இங்கே இல்லை, கணக்கு இல்லை, ஓட்டு இல்லை, திரும்பி வர விரும்பியதற்கு ஒரு தாள்கூட இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் அவள் செய்த எதுவும் தப்பில்லை. சேர்த்துப் பார்த்த அலுவலகத்துக்கு அவள் பாரிஸ்காரியாகத் தெரிந்தாள். பழைய பள்ளிச் சான்றிதழ்களைத் தேடிக் கோப்பு சேர்த்துக்கொண்டிருக்கிறோம். இன்னும் பொபினியில்தான் இருக்கிறாள். பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பெலில் வாழையிலையும் கருவேப்பிலையும் கிடைக்கின்றன என்பதைத் தவிர அங்கே அவளுக்கு வேறு ஆறுதல் கிடையாது.

மெத்ரோபோலுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போய் நன்றாக இருப்பவர்களும் உண்டு. போவதென்றால் தெரிந்து போங்கள். இங்குள்ள கணக்கை மூடாதீர்கள். ஆரம்பப் பள்ளியிலிருந்து எல்லாச் சான்றிதழையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். கிடைக்காது என்று தெரிந்தாலும் ஒவ்வொரு வருஷமும் மாற்றல் கேளுங்கள், கேட்டுக்கொண்டே இருப்பதும் ஒரு சான்றுதான். ஊருக்கு வந்து போகும் கோன்ழே பொனிஃபியே விடுப்புக்குத் தகுதி இருந்தால் விண்ணப்பியுங்கள். 2020 மாற்றத்துக்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, அதிகபட்சம் 31 நாள். அதைப் பெற்றிருந்தால் அதுவும் கோப்பில் ஏறும்.

காரைக்காலில் பிறந்தவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கவும்.

பட்டியலில் பெயர் வந்ததும் இனிப்பு வாங்குவது

மேரி (நகராட்சி), தெபார்த்மான் (மாவட்டம்), ரெழியோன் (மண்டலம்) ஆகிய உள்ளாட்சி வேலைகளுக்கான கொங்கூர் வேறு ஜாதி. ஜெயித்தால் தகுதிப் பட்டியலில் பெயர் ஏறும், அவ்வளவுதான். வேலையை நீங்களே தேட வேண்டும். தீவில் 24 கொம்யூன்கள், அதாவது 24 நகராட்சிகள். ஒவ்வொன்றுக்கும் கடிதம் எழுதி, நேர்காணலுக்குப் போய், யாராவது எடுத்துக்கொண்டால்தான் உண்டு.

பட்டியலில் பெயர் இரண்டு ஆண்டு இருக்கும். எழுத்தில் கேட்டால் இன்னும் ஓர் ஆண்டு, மறுபடி கேட்டால் கடைசியாக ஓர் ஆண்டு. கேட்காவிட்டால் பெயர் போய்விடும், கொங்கூரை முதலிலிருந்து எழுத வேண்டும். பூ, மாலை, கேசரி எல்லாம் முடித்துவிட்டு வீட்டில் காத்திருந்து அப்படியே காலாவதியானவர்களை எனக்குத் தெரியும்.

சரி, இதோடு சேர்த்து ஒரு நல்ல செய்தி. இந்த உள்ளாட்சி வேலைகளில் சி பிரிவின் முதல் படிக்குக் கொங்கூரே இல்லாமல் நேரடியாக எடுக்கலாம். அதற்கும் கொங்கூர் வரும் என்று காத்திருப்பவர்கள் இன்றே விண்ணப்பக் கடிதம் எழுதலாம்.

பிள்ளையார் சுழி

விடைத்தாளில் போடாதீர்கள். தாள் யாருடையது என்று காட்டிக்கொடுக்கும் எந்தக் குறியும் கூடாது. பெயர், கையெழுத்து, சொந்த ஊர், பச்சை மை, எதுவாக இருந்தாலும் தாளை ரத்து செய்யலாம். மாதிரித் தேர்வில் ஒரு பையன் மேலே அழகாக "உ" போட்டுத் தொடங்கினான். பிள்ளையாரை மனசுக்குள் கும்பிட்டுக்கொள் என்றேன்.

பாரிஸ் நேரம்

நாடு தழுவிய தாள்கள் பெரும்பாலும் எல்லா இடத்திலும் ஒரே வேளையில் நடக்கும். அங்கே காலை 9 மணி என்றால் இங்கே 11 அல்லது 12. விடியற்காலையில் எழுதிப் பழகி, நடு வெயிலில் சாப்பாட்டு நேரத்தில் போய்த் தூங்கி விழாதீர்கள்.

கோப்பைக் கேட்டால் மனசைக் கொட்டுவது

இருபது முப்பது பக்கம் ஆவணங்களைக் கொடுத்து நோட் எழுதச் சொல்வார்கள். குப்பை சேகரிப்பு பற்றி என்று வைத்துக்கொள்வோம். நம் பிள்ளை எழுதுகிறது: "என் கருத்துப்படி மக்கள் திருந்த வேண்டும்." உன் கருத்தை யார் கேட்டார்கள்? நேரமில்லாத மேலதிகாரி அந்த முப்பது பக்கத்தையும் படிக்காமலே முடிவெடுக்க உதவும் தாள் அது. கோப்பில் இருப்பதை அடுக்கித் தரவேண்டும். கோப்பில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது. ஆவணத்தின் வரிகளை அப்படியே பெயர்த்து ஒட்டவும் கூடாது.

ஆனால் கேள்வியில் நடைமுறை யோசனைகளோடு அறிக்கை என்று இருந்தால் யோசனை சொல்லியே ஆகவேண்டும். யார் செய்வது, எப்போது, எவ்வளவு செலவு என்பதோடு. முதல் வகையை மட்டும் பழகிவிட்டு இரண்டாவதில் வெறும் சுருக்கம் எழுதியவர்கள், எழுதாமல் இருக்க வேண்டிய இடத்தில் கருத்து எழுதியவர்களைவிடக் குறைவில்லை.

"எனக்குப் பட்டம் இல்லையே"

மூன்று பிள்ளைகளை வளர்க்கும் அல்லது வளர்த்த தாய், தந்தைக்குப் பல கொங்கூர்களில் பட்டம் கேட்பதில்லை. நம் அக்காமார் பலருக்கு இது தெரியாது. இந்தியப் பட்டம் வைத்திருப்பவர்கள், வெளிநாட்டுப் பட்டங்களை ஒப்பிட்டுச் சொல்லும் எனிக்-நரிக் மையத்தில் ஒப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும். பதிவு திறப்பதற்கு முன்பே விண்ணப்பியுங்கள், திறந்த பிறகு ஓடாதீர்கள்.

சிபாரிசு

வேண்டாம்.

நேர்முகத்தில் நல்ல பிள்ளையாக மட்டும் இருப்பது

ழுரி எனும் தேர்வுக் குழு கேட்கும் கேள்விகள் மரியாதையைச் சோதிப்பதற்கல்ல. "உங்களை லில்லுக்கு அனுப்பினால்?" என்று கேட்பார்கள். "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று பதில் சொன்ன ஆள் உண்டு. எழுதியது நாடு தழுவிய கொங்கூர் என்றால் அந்தப் பதிலை வீட்டில் பேசி முடித்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும்.

நெற்றியில் விபூதியும் கையில் கயிறுமாகப் போகலாமா என்றும் கேட்கிறார்கள். நடுநிலைக் கடமை ஊழியருக்கு உரியது, தேர்வு எழுத வந்தவருக்கு அல்ல. ஆகவே தடை இல்லை. ஆனால் லாய்சிதே, அதாவது அரசின் மதச்சார்பின்மை பற்றிய கேள்வி உங்களை நோக்கி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1905 சட்டம் என்று ஆண்டைச் சொல்லி நிறுத்தினால் போதாது. கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் நாளில் கயிற்றை என்ன செய்வீர்கள், காவடி நாளில் விடுப்பு கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். விபூதி இல்லாமல் போனாலும் வரும். கழற்றி வைப்பேன், விடுப்பை முன்கூட்டிக் கேட்பேன், மறுத்தால் வேலைக்கு வருவேன் என்பதை வீட்டில் பிரெஞ்சில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். தமிழில் யோசித்து அங்கேயே மொழிபெயர்க்க அவர்கள் நேரம் தரமாட்டார்கள்.