மெக்கானிக்கல் படிக்கக் கல்லூரி தேடும்போது செய்யக்கூடாத தவறுகள்

பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்பு பொறியியல் கலந்தாய்வில் முதலில் தீர்ந்துபோகும் இடங்களில் மெக்கானிக்கலும் இருந்தது. இப்போது கூட்டம் கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் போய்விட்டது. அதனால் அதே கட் ஆஃபுக்கு மெக்கானிக்கலில் ஒரு படி நல்ல கல்லூரியே கிடைக்கிறது. அப்படியும் தப்பான இடத்தில் போய் மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம். கல்லூரியை விசாரிப்பார்கள், டிபார்ட்மென்டை விசாரிக்க மாட்டார்கள்.

நுழைவாயில் போர்டில் இருக்கும் நாக் (தேசிய மதிப்பீட்டுக் குழு) கிரேடு மொத்தக் கல்லூரிக்கானது. என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனி. ஒரே வளாகத்தில் சிஎஸ்இக்கு என்பிஏ நடப்பில் இருக்கும், மெக்கானிக்கலுக்குக் காலாவதி ஆகியிருக்கும். போர்டில் அதையெல்லாம் பிரித்து எழுத மாட்டார்கள். எந்தப் பிரிவுக்கு எந்த வருடம் வரை என்பதை என்பிஏ தளத்தில் நீங்களே பார்க்கலாம். வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் இன்னொன்றும் கவனியுங்கள். ஒரு நாட்டில் அங்கீகாரம் பெற்ற பொறியியல் படிப்பை மற்ற உறுப்பு நாடுகளும் மதிப்பதற்கான வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2014-ல் இந்தியா நிரந்தர உறுப்பினர் ஆனது. ஆனால் அதன் பலன் என்பிஏயின் டயர் 1 பட்டியலில் உள்ள படிப்புகளுக்குத்தான்.

பெரும்பாலானோர் கேட்காமலே விட்டுவிடும் கேள்வி, போன வருடம் மெக்கானிக்கலில் நிஜமாக எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பது. அனுமதி 60 இடம் என்று இருக்கும், வகுப்பில் 14 பேர் உட்கார்ந்திருப்பார்கள். 2024-25 முதல் ஒரு பாடப்பிரிவுக்கு இவ்வளவு இடம்தான் என்ற உச்சவரம்பைத் தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇ எடுத்துவிட்டது. பல கல்லூரிகள் கம்ப்யூட்டர் பிரிவுகளை ஊதிப் பெருக்கி, மெக்கானிக்கலைச் சுருக்கிக்கொண்டு வருகின்றன. ஆள் குறைவென்றால் தனிக் கவனிப்பு கிடைக்குமே என்று சில அப்பாக்கள் மனதைத் தேற்றிக்கொள்வார்கள். நடப்பது வேறு. அனுபவசாலிப் பேராசிரியர்கள் கிளம்பிவிடுவார்கள், பழுதான மெஷினுக்கு நிர்வாகம் காசு ஒதுக்காது, 14 பேருக்காக மெக்கானிக்கல் வேலைக்கே ஆள் எடுக்கும் எந்தக் கோர் கம்பெனியும் கேம்பஸுக்கு வண்டி ஏறி வராது.

நேரில் போகாமல் சேர்வது தவறு. போயும் அட்மிஷன் ஆபீஸ் ஏசியில் காபி குடித்துவிட்டுத் திரும்புவது அதைவிடப் பெரிய தவறு. ஒர்க்‌ஷாப்பைக் காட்டச் சொல்லுங்கள். லேத் (கடைசல் மெஷின்) எத்தனை என்று எண்ண வேண்டாம், லேத்துக்குக் கீழே குனிந்து பாருங்கள். இரும்புச் சுருள் கிடக்கிறதா? கூலன்ட் வாடை அடிக்கிறதா? லேத்தின் பிடியை இறுக்கும் சக் கீயின் முனை தேய்ந்திருக்கிறதா? பெயின்ட் பளபளப்பும் பிளாஸ்டிக் உறையும் கலையாமல் இருந்தால், கடைசியாக அந்த மெஷின் ஓடியது இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்காக இருக்கலாம். பழைய அரசுக் கல்லூரிகளில் மெஷின்கள் கிழடுதட்டித் தெரியும். ஓடினால் அதுவே போதும், பையன் கற்றுக்கொள்வான்.

உலோகத்தின் வலிமையைச் சோதிக்கும் யூடிஎம் மெஷினில் கம்பியை இழுத்து உடைத்து எவ்வளவு நாளாகிறது என்று லேப் அசிஸ்டென்டிடம் கேளுங்கள். அவர் யோசிக்கும் நேரத்தை வைத்தே பாதி விஷயம் புரிந்துவிடும். சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டளைப்படி ஓடும் மெஷின்) என்று காட்டுவது மேஜைமேல் வைக்கும் டிரெய்னராகவும் இருக்கலாம். அதில் தப்பில்லை, ஒவ்வொருவருக்கும் கை வைக்கக் கிடைக்கிறதா என்பதே கேள்வி. பாஹா, ஃபார்முலா பாரத் போன்ற போட்டிகளுக்கு மாணவர்கள் சொந்தமாக வண்டி கட்டும் கல்லூரி என்றால் எனக்கு அது பெரிய பிளஸ். சாயங்காலம் ஆறு மணிக்குமேலும் அங்கே ஒர்க்‌ஷாப் திறந்திருக்கும் என்று அர்த்தம். ஓசூர், ஒரகடம், கோவை, திருச்சி பக்கம் கல்லூரி இருந்தால் இன்டர்ன்ஷிப்புக்கு அலைச்சல் குறையும்.

ஆசிரியர் பட்டியலையும் அப்படியே நம்பாதீர்கள். ஒரே பேராசிரியரின் பெயர் பல கல்லூரிகளின் பட்டியலில் இருந்ததை 2024-ல் ஊழலுக்கு எதிரான அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியே கொண்டுவந்தது. அண்ணா பல்கலைக்கழகம் விசாரிக்க வேண்டியதாயிற்று. கல்லூரித் தளத்தில் இருந்து மெக்கானிக்கல் ஆசிரியர்கள் இரண்டு பேரின் பெயரைக் குறித்துக்கொண்டு, வெளியே டீக்கடையில் நிற்கும் மூன்றாம் ஆண்டுப் பையனிடம், "தம்பி, இந்த சார் என்ன சப்ஜெக்ட் எடுக்கிறார்?" என்று கேட்டுப் பாருங்கள். அரியர் எத்தனை பேருக்கு என்பதையும் அவனே சொல்லிவிடுவான்.

"95% பிளேஸ்மென்ட்" பேனரில் சிரிக்கும் முகங்களில் மெக்கானிக்கல் பையன் எத்தனை பேர்? ஒருவருக்கு மூன்று ஆஃபர் வந்தால் மூன்றாகக் கணக்கு எழுதும் இடங்கள் இருக்கின்றன. மொத்தமாக ஆள் எடுக்கும் ஐடி கம்பெனிகளைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். அந்த மிச்சத்திலும் அப்ரண்டிஸ் கலந்திருக்கும். என்ஏடிஎஸ் என்னும் மத்திய அரசின் அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டத்தில் ஒரு வருடம் ஸ்டைபண்டுக்குப் போவது நல்ல பயிற்சிதான்; ஆனால் வருடம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பினால் கேட்க முடியாது. அதிகபட்ச சம்பளத்தைத் தூக்கிப் பிடிப்பவர்களிடம், நடுவில் நிற்கும் பையனின் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள்.

ரிசல்ட் வருவதற்கு முன்பே மேனேஜ்மென்ட் கோட்டாவில் பணம் கட்டுவது கம்ப்யூட்டர் பிரிவுக்காவது ஓரளவு புரிகிறது. மெக்கானிக்கலுக்கு அந்த அவசரம் தேவையே இல்லை. பல கல்லூரிகளில் இடம் காலியாகவே கிடக்கிறது, கலந்தாய்வில் குறைந்த கட்டணத்திலேயே கிடைத்துவிடும். முதல் பட்டதாரிச் சலுகையும் மேனேஜ்மென்ட் இடத்துக்குக் கிடையாது.

கடைசியாகச் சாய்ஸ் ஃபில்லிங், அதாவது கலந்தாய்வில் வேண்டிய கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிவது. ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் நிறைய, ஆகவே பெயரை நம்பாமல் கல்லூரிக் குறியீட்டு எண்ணைச் சரிபாருங்கள். அரசு உதவிபெறும் கல்லூரிகளில் சுயநிதி மெக்கானிக்கல் தனி வரியாக வரும், கட்டணமும் வேறு. தமிழ் வழியும் தனி வரிதான். "இது கண்டிப்பாகக் கிடைக்கும்" என்று சுமாரான கல்லூரியை மேலே போடாதீர்கள்; மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, உங்கள் முறை வரும்போது முதலில் காலியாக இருப்பதைத்தான் ஒதுக்குவார்கள். கிடைத்ததை ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்கும் காத்திருப்பதாகச் சொன்னால், அந்த மேல் இடம் கிடைத்த நிமிடமே கையில் இருந்தது போய்விடும். அதனால் கிடைத்தால் சேர மாட்டோம் என்று தெரிந்த கல்லூரியைப் பட்டியலில் எங்கேயும் போடாதீர்கள்.