வகுப்பில் அடங்காத பிள்ளைக்கு ஒரு நடத்தைத் திட்டம்: தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கான செய்முறை

முப்பது பிள்ளைகளில் ஒருவன் மட்டும் எழுந்து ஓடுகிறான், பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளுகிறான், பாடம் பாதியில் நிற்கிறது. திட்டினால் ஐந்து நிமிடம் அமைதி, அப்புறம் பழைய கதைதான். கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 17ஆம் பிரிவு, பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்கிறது. அந்தச் சட்டமே இல்லாவிட்டாலும், என்ன செய்யக் கூடாது என்று அடி சொல்லுமே தவிர, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தராது. 'சரி, அடிக்காமல் வேறு என்னதான் செய்வது?' என்று கேட்கும் புதிய ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய படிவமெல்லாம் வேண்டாம், ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

படி 1: ஒரே ஒரு செயலைத் தேர்ந்தெடுங்கள்

'ரொம்ப சேட்டை', 'சொன்ன பேச்சு கேட்பதில்லை' என்று எழுதாதீர்கள். கண்ணால் பார்த்து எண்ணக்கூடியதாக எழுதுங்கள்: 'அடுத்தவர் பொருளைப் பிடுங்குகிறான்', 'கேட்காமல் எழுந்து வெளியே போகிறான்'. ஐந்து பிரச்சினை இருந்தாலும், யாருக்காவது அடிபடக்கூடிய ஒன்றையோ பாடத்தை அதிகம் கெடுக்கும் ஒன்றையோ முதலில் எடுங்கள்.

படி 2: ஒரு வாரம் குறித்து வையுங்கள்

திட்டத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு முறையும் மூன்று விஷயம் குறிக்க வேண்டும்: அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதன் பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு இப்படிக் குறித்ததாக வைத்துக்கொள்வோம்:

திங்கள், 11.20, கணக்கு. பலகையில் 42 - 17. 'எல்லாரும் எழுதுங்க' என்றதும் பக்கத்துப் பையனின் ஸ்கேலைப் பிடுங்கினான். வராண்டாவில் நிற்க வைக்கப்பட்டான்.
செவ்வாய், 11.30, கணக்கு. 53 - 28. ரப்பரைப் பிடுங்கித் தூக்கி எறிந்தான். மீண்டும் வராண்டா.
புதன், கணக்கு இல்லை. தமிழில் கதை வாசித்தபோது ஒன்றும் இல்லை.

நேரத்தோடு, காலையில் சாப்பிட்டானா, இரவு தூங்கினானா என்பதையும் ஓரமாகக் குறியுங்கள். பசித்த வயிற்றோடு வரும் பிள்ளைக்குப் பதினோரு மணிக்கு மேல் பொறுமை இருக்காது.

படி 3: காரணத்தைப் பிடியுங்கள்

பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும்: எல்லாரும் தன்னைப் பார்க்க வேண்டும், கடினமான வேலையிலிருந்து தப்பிக்க வேண்டும், ஒரு பொருள் வேண்டும், அல்லது அசைவதும் சத்தம் போடுவதும் உடம்புக்கு இதமாக இருக்கிறது. செயல் ஒன்றாக இருந்தாலும் காரணம் பிள்ளைக்குப் பிள்ளை மாறும்.

மேலே உள்ள குறிப்பை மறுபடி பாருங்கள். பையனுக்கு ஸ்கேல் தேவையே இல்லை. 'இரண்டிலிருந்து ஏழு போகாது, பக்கத்தில் கடன் வாங்கு' என்ற இடம் அவனுக்குப் புரியவில்லை. பிடுங்கினால் வராண்டா, வராண்டாவுக்குப் போனால் கணக்கு இல்லை. நாம் தண்டனை என்று நினைத்தது அவனுக்கு விடுதலை.

கூடவே கண்ணும் காதும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பலகை தெரியாத பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்க மாட்டான். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். வட்டார வள மையத்தில், சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்காக இருக்கும் சிறப்பாசிரியரிடமும் தயங்காமல் கேளுங்கள்.

படி 4: ஒரு பக்கத்தில் திட்டம் எழுதுங்கள்

அந்தப் பையனுக்கு நான் இப்படி எழுதுவேன்.

முன்கூட்டியே: பத்துக் கணக்குக்குப் பதில் மூன்று. முதல் இரண்டு, 48 - 15 போலக் கடன் வாங்கத் தேவையில்லாதவை. கையில் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகள்.

மாற்றுப் பழக்கம்: தெரியவில்லை என்றால் நோட்டின் மேல் ஒரு சிவப்பு அட்டையை வைக்க வேண்டும். அட்டையைப் பார்த்ததும் ஆசிரியர் அவனிடம் போக வேண்டும். ஸ்கேலைப் பிடுங்குவதைவிட அட்டை சீக்கிரம் பலன் தந்தால்தான் அவன் அட்டைக்கு மாறுவான். இதைச் சண்டை நடக்கும்போது சொல்லிக் கொடுக்க முடியாது. காலையில் அமைதியான நேரத்தில் இரண்டு மூன்று முறை செய்து பழக்குங்கள்.

அட்டை வைத்தால்: 'தெரியலன்னு அட்டை வச்சே பாரு, அதுதான் சரி' என்று அப்போதே சொல்லுங்கள். வெறும் 'குட்' போதாது. எது நல்லது என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

பிடுங்கினால்: பொருளைத் திருப்பிக் கொடுக்க வைத்து, தாழ்ந்த குரலில் அட்டையைக் காட்டுங்கள். வெளியே அனுப்ப வேண்டாம். ஒரு கணக்காவது உங்கள் உதவியோடு முடிக்கட்டும்.

காரணம் வேறென்றால் திட்டமும் வேறு. எல்லாரும் பார்க்க வேண்டும் என்று ஏங்குகிறவனுக்குப் புத்தகம் கொடுக்கும் பொறுப்பைத் தரலாம். அவன் ஒழுங்காக இருக்கும்போது அடிக்கடி அவனிடம் போய்ப் பேசலாம்.

படி 5: பெற்றோரிடம் பேசுங்கள்

வாசலில் நாலு பேர் முன்னால் 'உங்க பையன் தாங்கலம்மா' என்று சொன்னால், அன்றைக்கு இரவு வீட்டில் அவனுக்கு அடி விழும், மறுநாள் உங்கள் முகத்தையே பார்க்க மாட்டான். தனியாக உட்கார வைத்து, முதலில் அவனிடம் இருக்கும் நல்லது ஒன்றைச் சொல்லுங்கள். பிறகு திட்டத்தைக் காட்டி, 'வீட்ல எப்படிம்மா இருக்கான்?' என்று கேளுங்கள். உங்கள் நோட்டில் இல்லாதது பாதி அந்த அம்மாவுக்குத் தெரியும்.

படி 6: விடாமல் செய்து, எண்ணிப் பாருங்கள்

முதல் சில நாள் சேட்டை கூடலாம், குறிப்பாகக் கவனம் தேடும் பிள்ளையைக் கண்டுகொள்ளாமல் விடும்போது. இதுவரை பலித்தது இப்போது பலிக்கவில்லையே என்று இன்னும் அழுத்திப் பார்க்கிறான். அங்கே விட்டுக் கொடுத்தால், பெரிய கூச்சலுக்குத்தான் பலன் என்று கற்றுக்கொள்வான். ஆனால் அடிப்பது, கடிப்பது, தன்னையே காயப்படுத்திக்கொள்வது போன்றவற்றைக் கண்டுகொள்ளாமல் விடவே கூடாது. உடனே தடுத்து, தலைமையாசிரியரையும் சிறப்பாசிரியரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் எத்தனை முறை நடந்தது என்று எண்ணி, முதல் வாரத்தோடு ஒப்பிடுங்கள். மூன்று நான்கு வாரமாகியும் எண்ணிக்கை அப்படியே இருந்தால் காரணத்தைத் தவறாகப் பிடித்திருக்கிறோம் என்று பொருள். படி 2-க்குத் திரும்புங்கள். குறைந்திருந்தால் மூன்று கணக்கை நான்காக்குங்கள், பிறகு ஐந்தாக்குங்கள். சிவப்பு அட்டையை மட்டும் அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். அது இல்லாமலே கையைத் தூக்கி 'டீச்சர், இது தெரியல' என்று அவன் கேட்கத் தொடங்கும்வரை அவனிடமே இருக்கட்டும்.