கொமொரோஸ் தீவுகளில் வனிலா: பூவிலிருந்து விற்பனை வரை

இந்தியப் பெருங்கடலிலுள்ள கொமொரோஸ் நாட்டின் ஏற்றுமதி வனிலா, கிராம்பு, இலாங்-இலாங் (வாசனைத் தைலம் எடுக்கும் பூ) ஆகிய மூன்றையே பெரிதும் நம்பியிருப்பதால், அங்கே வனிலா பயிரிடுபவர் விலைச் சரிவுக்கும் சேர்த்தே தொடக்கத்தில் திட்டமிட வேண்டும்.

நட்ட கொடி ஏறத்தாழ மூன்றாம் ஆண்டில் பூக்கும். பூ ஒரே ஒரு காலைப்பொழுதுதான் விரிந்திருக்கும். தாயகமான மெக்சிகோவில் மகரந்தச் சேர்க்கைக்கு உதவும் தேனீக்களும் இங்கே இல்லை. ஆகவே, நண்பகலுக்குள் கூரிய முள்ளாலோ மெல்லிய மூங்கில் சீவலாலோ பூவின் இதழைக் கிழித்து விலக்கி, மகரந்தத்துக்கும் அதை ஏற்கும் பெண் பகுதியான சூல்முடிக்கும் நடுவே திரைபோல் நிற்கும் சிறு மடலை மேலே தூக்கி, மகரந்தத்தைக் கட்டைவிரலால் சூல்முடியின்மீது மெல்ல அழுத்துங்கள். 1841-இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியுஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் கண்டறிந்த முறை இது. அதனால் பெருகிய செல்வத்தில் அவருக்குப் பங்கு கிடைக்காமல் வறுமையிலேயே இறந்தது பெரும் அநீதி. ஒரு கொத்தில் 8 முதல் 10 பூக்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிகுந்தால் கொடி நலியும்.

திருட்டுக்கு அஞ்சிப் பிஞ்சிலேயே பறித்தால் மணம் வராது. சுமார் 9 மாதங்களில் காயின் நுனி மஞ்சளாகும்போது பறித்து, 65 டிகிரி செல்சியஸ் அளவிலான வெந்நீரில் 3 நிமிடம் முக்கியெடுத்து, உடனே கம்பளியில் சுற்றி வியர்க்கவிட்ட பின், வாரக்கணக்கில் வெயிலிலும் நிழலிலும் மாற்றி மாற்றி உலர்த்த வேண்டும். 5 அல்லது 6 கிலோ பச்சைக் காய்க்கு 1 கிலோ பதப்படுத்திய வனிலாதான் தேறும்.

2000-ஆம் ஆண்டு, உலகில் வனிலா மிகுதியாக விளையும் மடகாஸ்கரைத் தாக்கிய புயலுக்குப் பின் உச்சத்துக்கு ஏறிய உலக விலை, 2004-ஐ அடுத்துச் சரிந்து விழுந்தது. எனவே விலை உயர்ந்த ஆண்டின் வருவாயை நம்பிக் கடன் வாங்காதீர்கள். வாழையையும் மரவள்ளியையும் ஊடுபயிராக வைத்துக்கொள்ளுங்கள்.