வீட்டிலேயே மாம்பழ சோர்பே: சர்க்கரையைக் குறைக்காதீர்கள்

ஐஸ்கிரீம் போல உறைய வைத்துச் சாப்பிடும் சோர்பேயில் பாலும் இல்லை, கிரீமும் இல்லை. பழக்கூழும் சர்க்கரைப் பாகும்தான். கொழுப்பு இல்லாததால் அதை மென்மையாக வைத்திருப்பது பெரும்பாலும் சர்க்கரையே. தண்ணீர் உறையும்போது சர்க்கரை பனிக்கட்டியில் சேராமல் ஒதுங்கி, மீதித் தண்ணீரில் செறிந்துகொண்டே போகும். அந்தக் கெட்டிப் பாகு ஃப்ரீசரிலும் உறையாமல் நிற்பதால்தான் கரண்டி இறங்குகிறது. சர்க்கரையைப் பாதியாக்கினால் கிடைப்பது வெறும் ஐஸ்கட்டி. பழத்தில் இருப்பதையும் சேர்த்து, மொத்தக் கலவையில் 25 முதல் 30 சதவீதம் சர்க்கரை இருக்க வேண்டும்.

மாம்பழத்துக்கு அளவு இது: கூழ் 500 கிராம், சர்க்கரை 120 கிராம், தண்ணீர் 100 மில்லி, எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை.

நார் அதிகமுள்ள பழமென்றால் கூழை வடிகட்டுங்கள். தண்ணீரில் சர்க்கரை கரையும்வரை சூடாக்கினால் போதும், கம்பிப் பதம் வேண்டாம். பாகு முழுக்க ஆறிய பிறகே கூழில் ஊற்றி, எலுமிச்சைச் சாறும் உப்பும் கலந்துவிடுங்கள்; சூடு பட்டால் பழத்தின் புது மணம் போய்விடும். ருசி பார்க்கையில் சற்றுத் திகட்டுவது போலிருந்தால் சரியான பதம். குளிர்ந்த பண்டத்தில் இனிப்பு நாக்குக்குக் குறைவாகவே தெரியும்.

அடுத்தது உறைய வைப்பது. மெதுவாக உறைந்தால் பனித்துகள்கள் பெரிதாகி நறநறக்கும். அதனால் கலவையை முதலில் ஃப்ரிட்ஜில் 4 மணி நேரம் நன்கு குளிரவிட்டு, அகலமான எவர்சில்வர் தட்டில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ஓரத்தில் உறைந்ததை முள்கரண்டியால் சுரண்டி நடுவே கலந்துவிடுங்கள். மூன்று நான்கு முறை செய்து, கெட்டியானதும் மிக்ஸியில் விட்டுவிட்டு அடித்து, உடனே டப்பாவில் அடைத்துத் திரும்ப வையுங்கள். இந்த கடைசி அடிப்பை விட்டுவிடாதீர்கள். வழவழப்பு அதில்தான் வருகிறது.

தர்பூசணி போன்ற நீர்ப்பழத்துக்குத் தண்ணீரே சேர்க்க வேண்டாம். 500 கிராம் சாற்றில் 130 கிராம் சர்க்கரையை நேரடியாகக் கரைத்துவிடலாம்.

கல் போல இறுகிவிட்டதா? உருகவிட்டு, இரண்டு மூன்று கரண்டி பாகு சேர்த்து மறுபடி உறைய வையுங்கள். இரவு முழுக்க வைத்தும் கொழகொழவென்றே இருந்தால் சர்க்கரை அதிகம். கூழோ தண்ணீரோ கொஞ்சம் சேர்க்கலாம். உறைந்தது நறநறவென்று இருந்தால் மறுபடி மிக்ஸியில் அடித்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

மேற்பரப்பில் பட்டர் பேப்பர் ஒட்டி மூடினால் மேலே பனி படியாது. பரிமாறுவதற்கு 10 நிமிடம் முன்பு வெளியே எடுங்கள். ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. நாளாக ஆகப் பனித்துகள்கள் பெரிதாகிக்கொண்டே போகும்.