ஆர்ஓ மெஷினில் எதை எப்போது மாற்ற வேண்டும்?

போன ஆவணியில் திசையன்விளையிலிருந்து அக்கா போன் செய்தாள். "ஏட்டி, ஆர்ஓவுல தண்ணி சொட்டுச் சொட்டாத்தான் விழுது. பாக்க வந்த பையன் மெம்பரேன் போயிருச்சு, எல்லாத்தையும் மாத்தணும்னு சொல்லுதான்." மெம்பரேன் என்பது உப்பை வடிகட்டும் சவ்வு. மெஷின் வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அதுவரை எதையும் மாற்றாதே என்றேன்.

போய்ப் பார்த்தால், வெளியே மாட்டியிருக்கும், மண்ணைப் பிடிக்கும் முதல் கேண்டில் சிவந்த தேரி மண் நிறத்தில் இருந்தது. அதை மட்டும் மாற்றினேன். தண்ணீர் பழையபடி விழுந்தது.

தண்ணீர் குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கேண்டிலைத்தான். மூன்று மாதம், ஆறு மாதம் என்பதெல்லாம் பொதுக் கணக்கு. அக்கா வீட்டு போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரில் அது இரண்டு மாதம் தாங்கினாலே பெரிது. பாளையங்கோட்டையில் எங்களுக்கு வருவது தாமிரபரணித் தண்ணீர். கோடையில் ஐந்து மாதம்கூட வெள்ளையாகவே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு கலங்கி ஓடினால் ஒரே மாதத்தில் பழுப்பாகிவிடும். ஆகவே மாதம் ஒருமுறை கேண்டிலின் நிறத்தைப் பாருங்கள். மாற்றுவதும் எளிது: மின்சாரத்தை நிறுத்தி, வரும் குழாயை மூடி, மெஷினோடு வரும் சாவியால் கேண்டில் இருக்கும் கிண்ணத்தைக் கழற்றி, கழுவி, புதியதை வைத்து மூடலாம். ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை என்றால் ஒழுகும், அதை மட்டும் கவனியுங்கள்.

அடுத்தது கார்பன், அதாவது கரி நிரப்பிய ஃபில்டர். இதன் நிலையைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, தேதியைத்தான் நம்ப வேண்டும். மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் இருக்கும். அது மெம்பரேனை அரித்துவிடும். அதைத் தடுத்து நிறுத்துவது கார்பன்தான். எங்கள் முதல் மெஷினில் இரண்டு வருடம் கார்பனை மாற்றாமல் விட்டேன், மெம்பரேனும் சேர்ந்து போனது. அதிலிருந்து வருடம் ஒருமுறை தவறாமல் மாற்றுகிறேன். அதிகம் புழங்கும் வீடு என்றால் ஆறு மாதத்தில் மாற்றிவிடுங்கள். புதிதாக மாட்டியதும் கொஞ்சம் கறுப்பாகத் தண்ணீர் வரும். தெளியும்வரை கீழே விட்டுவிடுங்கள்.

மெம்பரேன்தான் விலை கூடியது, யாரோ சொன்னார்கள் என்று மாற்றக்கூடாதது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் (டிடிஎஸ்) காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மெஷின் பத்து நிமிடம் ஓடிய பிறகு அளக்க வேண்டும். சும்மா நின்றிருந்து முதலில் வரும் தண்ணீர் எப்போதுமே கூடுதலாகக் காட்டும். அன்று அக்கா வீட்டில் போர் தண்ணீர் 1800, சுத்தமான தண்ணீர் 150. அதாவது 100 பங்கு உப்பில் 92 பங்கு வடிகட்டப்படுகிறது, நல்ல மெம்பரேன். அது 80 பங்குக்குக் கீழே போனால், அதாவது அவள் வீட்டில் 360ஐத் தாண்டினால், மாற்றலாம். பொதுவாக இரண்டு, மூன்று வருடம் வரும். ஒரு எச்சரிக்கை: மெஷினில் டிடிஎஸ்ஸைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்தால், அதை யாராவது திருப்பியதாலும் எண் ஏறியிருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள். கழிவுக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்பதும் முக்கியம். அது அடைத்துக்கொண்டால் உப்பு உள்ளேயே படிந்து மெம்பரேன் சீக்கிரம் கெட்டுவிடும்.

மெஷினின் பக்கவாட்டில் ஒரு தாளை ஒட்டி, மாற்றிய தேதியையும் மாதா மாத டிடிஎஸ் அளவையும் எழுதிவருகிறாள் அக்கா. சர்வீஸுக்கு யார் வந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுகிறாள்.

ஆற்றுத் தண்ணீர் வரும் வீட்டுக்காரர்களுக்கு இன்னொன்று. குடிநீரில் டிடிஎஸ் 500 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தரநிலை. எங்கள் குழாயில் 130தான். உப்பைப் பொறுத்தவரை இதற்கு ஆர்ஓவே தேவையில்லை. ஆனால் மீட்டர் கிருமியைக் காட்டாது, அதற்குக் காய்ச்சவோ யுவி (புற ஊதா) விளக்கு வைக்கவோ வேண்டும். இப்போதிருக்கும் மெம்பரேன் போனதும் புதிது வாங்காமல் யுவி மெஷினுக்கு மாறப்போகிறோம்.