வளவு வீட்டில் ராஸ்பெர்ரி பை: முதல் நாள் வேலை

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவு முற்றத்துக்கும் அதை ஒட்டிய கூடமான பட்டாலைக்கும் மத்தியானத்தில் எத்தனை டிகிரி வித்தியாசம் என்று எண்ணாகப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில்தான் ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டை வாங்கினேன். 65-க்கு 30 மில்லிமீட்டர் அளவு, 512 எம்பி ராம், 2021-இல் வந்த போர்டு. இந்த வேலைக்குத் தாராளம். முதல் நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன், அந்த நாள் உங்களுக்கு மிச்சமாகட்டும்.

மானிட்டர், கீபோர்டு எதுவும் வேண்டாம். கம்ப்யூட்டரில் ராஸ்பெர்ரி பை இமேஜர் மென்பொருளை இறக்கி, மெமரி கார்டில் லைட் வகை (திரைக்காட்சி இல்லாத, கட்டளை மட்டும் உள்ள) ஓஎஸ்ஸை எழுதுங்கள். எழுதுவதற்கு முன் அமைப்புகள் கேட்கும் இடத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஹோஸ்ட்நேம் (நெட்வொர்க்கில் போர்டுக்கு நீங்கள் வைக்கும் பெயர்), யூசர் பெயர், பாஸ்வேர்டு, வைஃபை விவரம் எல்லாம் அங்கேதான் கொடுக்க வேண்டும், வேறு கம்ப்யூட்டரிலிருந்து போர்டுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சையும் அங்கேயே இயக்கிவிட வேண்டும். பழைய வீடியோக்களில் சொல்லும் 'பை' என்ற யூசரும் அதன் பாஸ்வேர்டும் 2022-க்குப் பிறகு தானாக வருவதில்லை. எழுதி முடித்ததும் கார்டை ஃபார்மட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கார்டில் கோளாறு எதுவும் இல்லை.

என்னைப் படுத்தியது வைஃபைதான். இந்த போர்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும், நான் ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரைக் கொடுத்துவிட்டு, பச்சை விளக்கு மினுங்குவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெயரை மாற்றிய பிறகும் முகப்பில் இருக்கும் ரவுட்டரிலிருந்து இரண்டாம் கட்டுக்கு சிக்னல் வரவில்லை. சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய நம் ஊர்ச் சுவர்களின் கனம் தெரியும்தானே! ரவுட்டரை வளவுத் தூண் ஓரம் நகர்த்தினேன், கதவு வழியாக நேராகப் பார்க்கிற மாதிரி. உடனே கிடைத்தது. அதனால் முதல் தடவை ரவுட்டருக்குப் பக்கத்திலேயே வைத்து இயக்கிப் பாருங்கள், அப்புறம் உள்ளே கொண்டுபோகலாம்.

மின்சாரத்துக்கு 5 வோல்ட், 2.5 ஆம்பியர் அடாப்டர் நல்லது. மெல்லிய பழைய சார்ஜர் ஒயர் வேண்டாம், வோல்டேஜ் இறங்கி போர்டு பாதியில் நின்றுவிடும். இரண்டு மைக்ரோ யுஎஸ்பி துளைகளில் ஓரத்தில் இருப்பதுதான் பவருக்கு. முதல் தடவை சில நிமிடம் பொறுத்திருங்கள். பிறகு கம்ப்யூட்டர் டெர்மினலில் எஸ்எஸ்எச், ஓர் இடைவெளி, யூசர் பெயர், அட் குறி, ஹோஸ்ட்நேம், புள்ளி, லோக்கல். பிடிக்கவில்லை என்றால் பிரவுசரில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து போர்டின் ஐபி எண்ணைப் பார்த்து, ஹோஸ்ட்நேமும் லோக்கலும் இருந்த இடத்தில் அதைப் போடுங்கள்.

சரி, சென்சார். டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை சென்சார் வாங்கினேன். தட்டையான முகம் உங்களைப் பார்க்க இருந்தால் இடது கால் கிரவுண்டு, நடு கால் டேட்டா, வலது கால் பவர். போர்டில் முறையே 6, 7, 1-ஆம் பின்கள். டேட்டாவுக்கும் பவருக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் கட்டாயம். 5 வோல்ட் பின்னை மட்டும் தொடாதீர்கள், டேட்டா பின் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, போர்டே போய்விடலாம். போர்டின் அமைப்புகளை மாற்றும் ராஸ்பி-கான்ஃபிக் கட்டளையில், இந்த சென்சார் போர்டோடு பேசும் முறையான 1-ஒயரை இயக்கி ரீபூட் செய்தால், சிஸ், பஸ், டபிள்யூ1, டிவைசஸ் என்று உள்ளே போகப் போக 28 என்று தொடங்கும் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதிலுள்ள டபிள்யூ1 ஸ்லேவ் கோப்பின் கடைசியில் 31250 என்று வந்தால் 31.25 டிகிரி. அந்த எண்ணை முதலில் பார்த்தபோது அப்பத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

கரண்ட் திடீரென்று போனால் கார்டு கெட வாய்ப்பு உண்டு. எல்லாம் சரியாக ஓடிய பிறகு ராஸ்பி-கான்ஃபிக்கில் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை இயக்குங்கள், கார்டில் எழுதுவது நின்றுவிடும். அளவுகளைச் சேமிக்க நினைத்தால் அவற்றை வேறு கம்ப்யூட்டருக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

சென்சாரைப் போர்டோடு ஒட்டி வைக்காதீர்கள், போர்டின் சூட்டையும் சேர்த்துக் காட்டும். நான் ஒரு மீட்டர் ஒயர் நீட்டி பட்டாலையில் ஒன்று தொங்கவிட்டேன், முற்றத்து நிழலில் இன்னொன்று. ஒவ்வொரு சென்சாருக்கும் தனி எண் இருப்பதால் இரண்டையும் ஒரே டேட்டா பின்னில் சேர்த்துவிடலாம்.